சொந்த டொமைன் நீட்சி நடத்த விரும்பும் நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இணைய வலை பிறந்த இடமான செர்ன் ஆய்வகத்தின் தளத்துக்குச் சென்றால், முகவரிப் பட்டையில் ‘ஹோம் டாட் செர்ன்’ என்றிருக்கும். டாட் காம் இல்லை, எந்த நாட்டின் குறியீடும் இல்லை; கடைசிப் புள்ளிக்குப் பின்னால் நிற்பது அந்த நிறுவனத்தின் பெயரேதான். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் டொமைன் நீட்சி என்கிறோம். கூகுளின் வலைப்பதிவு ‘பிளாக் டாட் கூகுள்’ என்ற முகவரியிலும், கேனன் நிறுவனத்தின் உலகத் தளம் ‘குளோபல் டாட் கேனன்’ என்ற முகவரியிலும், பிஎன்பி பரிபா வங்கியின் வாடிக்கையாளர் தளம் ‘மாபாங்க் டாட் பிஎன்பிபரிபா’ என்ற முகவரியிலும் இயங்குகின்றன. இவற்றைப் பார்க்கும் நிர்வாகக் குழுக்களில் “நமக்கும் ஒன்று வேண்டும்” என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசை எழுந்த பிறகு செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். என் கருத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீட்சியைப் பெறுவது இதில் எளிய பாதி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளை அதற்குக் குடிமாற்றும் மனமும் ஆள்பலமும் இல்லாத நிறுவனம் விண்ணப்பிக்காமல் இருப்பதே மேல்.

படி 1: எதைப் பெறுகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

சாதாரண டொமைன் வாங்குவது மனை வாங்குவதைப் போன்றது. சொந்த நீட்சி எடுப்பது, மனைகளைப் பதிந்து தரும் அலுவலகத்தையே ஏற்று நடத்துவது. டொமைன் பெயர்களின் உச்சியில் ‘ரூட்’ எனப்படும் வேர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் காம், ஓஆர்ஜி, நாட்டுக் குறியீடுகள் ஆகியவற்றோடு சரிசமமாக உங்கள் பெயரும் ஒரு வரியாக ஏறுகிறது. அந்த வரிக்குக் கீழே எந்தப் பெயர் இருக்கலாம், யாருக்குத் தரலாம், எப்போது நீக்கலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அதற்கு ஈடாக பதிவகம் எனப்படும், நீட்சியை நடத்தும் அமைப்புக்குரிய கடமைகள் அனைத்தும் உங்கள் தோளில் ஏறுகின்றன.

இதற்கு அனுமதி தருவது, இணையப் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் என்ற அமைப்பு. அதன் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. நிறுவனங்களுக்குப் பெரிய அளவில் வாய்ப்பளித்த சுற்று 2012 ஜனவரி 12 அன்று தொடங்கியது. 1,930 விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பம் வாங்கும் மென்பொருளே நடுவில் பழுதாகி, ஒருவரது கோப்புப் பெயர்கள் மற்றவருக்குத் தெரியும் நிலை ஏற்பட்டதால், ஏப்ரலில் முடிய வேண்டிய சுற்று மே 30 வரை நீண்டது. உலகின் பெயர்ப் பட்டியலைக் காக்கும் வேலைக்கு அது அவ்வளவு நல்ல சகுனமில்லை! அடுத்த சுற்று 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று ஐகான் அறிவித்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் யாரும் விண்ணப்பிக்க முடியவில்லை. “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற முடிவுக்கும் இங்கே பெரிய விலை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

படி 2: எதற்காக என்று எழுதி வைத்தல்

ஒரே ஒரு பக்கத்தில், நீட்சி கிடைத்து இரண்டு ஆண்டுகளுக்குள் எந்தச் சேவை எந்த முகவரியில் இயங்கும் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடலாம். எழுத முடிந்தவர்களுக்குக் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை.

முதல் நன்மை நம்பகம். போலித் தளங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று பாருங்கள். ‘நிறுவனம்-உதவி.காம்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் பதியலாம், ‘நிறுவனம்உதவி.நெட்’ என்ற பெயரையும் அப்படியே. இப்படி எழக்கூடிய பெயர்களை எல்லாம் முன்கூட்டியே வாங்கிப் பூட்டி வைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. மாறாக, உங்கள் சேவைகள் அனைத்தும் ‘உதவி.நிறுவனம்’, ‘கணக்கு.நிறுவனம்’ என்று மட்டுமே இருக்குமானால், “கடைசிப் புள்ளிக்குப் பின்னால் எங்கள் பெயர் இல்லையென்றால் அது நாங்கள் இல்லை” என்ற ஒற்றை வாக்கியத்தை வாடிக்கையாளருக்குக் கற்றுத் தரலாம். அந்த நீட்சிக்குள் வெளியாள் எவரும் பெயர் பதிய வழியே இல்லை. ஆனால் இந்த நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ‘மட்டுமே’ என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டும். ரசீது ஓர் இடத்திலிருந்தும், விளம்பர மின்னஞ்சல் வேறோர் இடத்திலிருந்தும், வேலைவாய்ப்புப் பக்கம் மூன்றாமவர் தளத்திலிருந்தும் போய்க்கொண்டிருந்தால், கற்றுத் தந்த வாக்கியம் வாடிக்கையாளரைக் குழப்பவே செய்யும்.

இரண்டாவது நன்மை பாதுகாப்பு விதிகளை ஒரே இடத்தில் விதிக்க முடிவது. உலாவிகளில் ‘இந்தத் தளங்களுக்கு மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே செல்’ என்று முன்பே பதித்து வைத்த ஒரு பட்டியல் உண்டு. எச்எஸ்டிஎஸ் முன்பதிவு என்பார்கள். தனித்தனி தளங்களை அதில் சேர்ப்பதற்குப் பதிலாக ஒரு நீட்சியையே சேர்த்துவிடலாம். கூகுள் தன் கையிலிருக்கும் டாட் டெவ், டாட் ஆப் நீட்சிகளுக்கு இதைத்தான் செய்திருக்கிறது. அதன் பிறகு அந்நீட்சியில் பிறக்கும் எந்தப் புதிய தளமும் முதல் நொடியிலிருந்தே பாதுகாப்பான இணைப்பில்தான் திறக்கும்.

மூன்றாவது, பெயர் வளம். ஜெர்மனியின் டிவிஏஜி நிதி ஆலோசனை நிறுவனம் தன் ஆலோசகர்களுக்கு ஆயிரக்கணக்கில் தனித்தனி முகவரிகளை டாட் டிவிஏஜி என்ற நீட்சியில் கொடுத்திருக்கிறது. ஆலோசகர் விலகினால் முகவரியும் நிறுவனத்திடமே திரும்பிவிடும். பிரான்சின் லெக்ளர்க் அங்காடிக் குழுமம் ‘ஈ டாட் லெக்ளர்க்’ என்ற சின்னஞ்சிறு முகவரியை எடுத்துக்கொண்டது. டாட் காமில் இத்தகைய பெயருக்கு இன்று இடமேது?

தேடுபொறியில் முன்னுக்கு வரலாம் என்பதை மட்டும் நன்மைகளின் பட்டியலில் சேர்க்காதீர்கள். புதிய நீட்சிகளுக்குத் தேடல் தரவரிசையில் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை என்று கூகுள் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராவது இதைக் காரணமாகக் காட்டி விற்க வந்தால், அவர் சொல்லும் மற்றவற்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: பெயர் விதிகளுக்குள் அடங்குகிறதா என்று பார்த்தல்

ஆங்கில எழுத்துகளில் அமையும் நீட்சிக்குக் குறைந்தது மூன்று எழுத்துகள் வேண்டும். இரண்டெழுத்துச் சேர்க்கைகள் நாட்டுக் குறியீடுகளுக்கென ஒதுக்கப்பட்டவை. எண்களும் இடைக்கோடும் கூடாது. ஆகவே இரண்டெழுத்துச் சுருக்கத்தாலோ, எண் கலந்த பெயராலோ அறியப்படும் நிறுவனம் வேறு வடிவத்தைத்தான் தேட வேண்டும். தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துகளிலும் நீட்சி அமையலாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகியவை நாட்டு நீட்சிகளாகத் தமிழ் எழுத்திலேயே ரூட்டில் இருக்கின்றன.

நிறுவனப் பெயர் நீட்சிகளுக்கென ஐகான் ஒப்பந்தத்தில் ‘விதிக்கூறு 13’ என்ற தனிப் பகுதி உண்டு. நீட்சி உங்கள் பதிவு பெற்ற வணிகச் சின்னத்தோடு பொருந்த வேண்டும். நீங்கள், உங்கள் துணை நிறுவனங்கள், சின்னத்தைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர்கள் ஆகியோர் மட்டுமே அதில் பெயர் வைத்துக்கொள்ள முடியும். இதற்குள் அடங்கினால், பொதுமக்களுக்கு விற்கும் பதிவகங்கள் சுமக்கும் பல கடமைகளிலிருந்து விலக்குக் கிடைக்கும். எனவே சின்னத்தின் பதிவுச் சான்றுகள் நடப்பில் இருக்கின்றனவா என்பதைச் சட்டப் பிரிவு முதலில் பார்க்க வேண்டும்.

பெயரில் மறைந்திருக்கும் இன்னொரு வில்லங்கம் புவியியல். அமேசான் நிறுவனம் 2012-இல் கேட்ட டாட் அமேசான் நீட்சியைப் பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. ஆறும் காடும் தங்களுடையவை என்பது அவற்றின் வாதம். 2014-இல் மறுக்கப்பட்டு, நடுவர் தீர்ப்பாயம் வரை சென்று, 2020-இல்தான் அந்நீட்சி ரூட்டில் ஏறியது. படகோனியா ஆடை நிறுவனமோ எதிர்ப்பைக் கண்டு 2013-இல் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் இருப்பதும் சிக்கல்தான்: ஜெர்மனியின் மெர்க், அமெரிக்காவின் மெர்க் இரண்டுமே டாட் மெர்க் கேட்டன. வணிகச் சின்னச் சட்டம் நாடுதோறும் தனித்தனி உரிமையாளரை ஏற்கும். ரூட்டிலோ ஒரு பெயருக்கு ஒரே ஓர் இடம்தான். 2026 சுற்றில் போட்டியாளர்கள் தங்களுக்குள் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்வது தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாக, விண்ணப்பத்தோடு மாற்றுப் பெயர் ஒன்றைக் குறிப்பிடலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

படி 4: பணத்தை நேர்மையாகக் கணக்கிடுதல்

விண்ணப்பக் கட்டணம் 2012-இல் 1,85,000 டாலராக இருந்தது; 2026 சுற்றுக்கு 2,27,000 டாலர். தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகள் போன்றவற்றுக்கு 75 முதல் 85 விழுக்காடு வரை குறைக்கும் ஆதரவுத் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. நீட்சி கிடைத்த பின் ஐகானுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 25,000 டாலர் செலுத்த வேண்டும். நீங்கள் ஒரே ஒரு பெயரைப் பதிந்தாலும் அதே தொகைதான். தொழில்நுட்பச் சேவை நிறுவனத்துக்கான தொகை, சட்ட ஆலோசனை, உள்ளே வேலை செய்யும் ஆட்களின் சம்பளம் ஆகியவை தனி. ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கானது என்பதால், முதலாண்டுச் செலவை மட்டும் காட்டி ஒப்புதல் வாங்குவது பின்னால் வரும் நிதி அதிகாரிக்குச் செய்யும் துரோகம். பெருஞ்செலவு மறைந்திருப்பது குடிமாற்றத்தில். அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 5: பதிவகத்தை யார் இயக்குவது என்று முடிவு செய்தல்

சில பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைத் தவிர, எவரும் இதைத் தாங்களே இயக்க முற்படக் கூடாது. ஐகானின் மதிப்பீட்டில் தேறிய பதிவகச் சேவை நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை அமர்த்திக்கொள்ள வேண்டும். முகவரியைத் தேடும் கணினிகளுக்கு விடை தரும் பெயர் வழங்கிகளை உலகெங்கும் இயக்குவது, அந்த விடைகள் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பமிடுவது, பதிவுத் தரவுகளை நாள்தோறும் மூன்றாமவரிடம் காப்பு வைப்பது ஆகியவை அவர்களது வேலை.

கண்டிப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு: ஒரு வாரத்தில் பெயர் வழங்கிகள் மொத்தம் 4 மணி நேரம் முடங்கினால், அவசரகாலப் பதிவக நடத்துநர் ஒருவரிடம் நீட்சியை ஒப்படைக்கும் அதிகாரம் ஐகானுக்கு உண்டு. அந்த ஏற்பாடு முதன்முறையாக 2017-இல் டாட் வெட் நீட்சிக்காகச் செயல்பட்டது.

தவறு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 2009 அக்டோபர் 12 அன்று சுவீடனின் டாட் எஸ்இ நீட்சி முழுவதும் சாய்ந்தது. காரணம், வழக்கமான பராமரிப்பின்போது ஓடிய ஒரு நிரல், பெயர்களின் இறுதியில் இட வேண்டிய புள்ளியை இடாமல் விட்டதுதான். புள்ளி இல்லையென்றால் பெயர் முடியவில்லை என்று வழங்கி கருதி, நீட்சியை இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். தேடும் பெயர் கிடைக்காது. ஒரு புள்ளியில் ஒரு நாடு இணையத்திலிருந்து மறைந்தது. பிழையைத் திருத்திய பிறகும், உலகெங்கும் தற்காலிக நினைவில் தங்கிய தவறான விடைகள் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாட் காமில் இருக்கும்வரை இந்தக் கவலை வேறொருவருடையது. சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலைவிட, மாற்றங்களை வெளியிடுமுன் அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வரும் விடையையே நான் அதிகம் மதிப்பேன்.

படி 6: ரூட்டில் ஏறும்வரை காத்திருத்தல்

விண்ணப்பித்த பின் மதிப்பீடு, பொதுக் கருத்து, அரசுகளின் எச்சரிக்கை, எதிர்ப்பு மனுக்கள், ஒப்பந்தம், தொழில்நுட்பச் சோதனை என்று வரிசையாகச் செல்லும். 2012 சுற்றின் முதல் நீட்சிகள் ரூட்டில் ஏறியது 2013 அக்டோபரில்.

இந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டிய முக்கிய வேலை ஒன்று உண்டு. பல நிறுவனங்களின் உள் வலையமைப்புகளில், வெளியுலகில் இல்லாத நீட்சிகளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வந்திருப்பார்கள், ‘அச்சுப்பொறி.நிறுவனம்’ என்பது அலுவலகத்துக்குள் மட்டும் வேலை செய்யும் பெயராக இருந்திருக்கும். அதே பெயர் பொது இணையத்திலும் பிறந்தால் இரண்டும் மோதும். டாட் கார்ப், டாட் ஹோம், டாட் மெயில் ஆகிய மூன்றும் இந்த மோதலுக்கு அஞ்சியே வழங்கப்படாமல் நிறுத்தப்பட்டன. மற்ற நீட்சிகளுக்கு 2014 முதல் 90 நாள் எச்சரிக்கைக் காலம் வைக்கப்பட்டது. அக்காலத்தில் மோதும் பெயரைத் தேடும் கணினிக்கு 127.0.53.53 என்ற எண் விடையாகக் கிடைக்கும். உங்கள் வலையமைப்பின் பதிவேடுகளில் அந்த எண்ணைக் கண்டால், எங்கோ ஒரு பழைய அமைப்பு இன்னும் உள்பெயரை நம்பியிருக்கிறது என்று பொருள். உள் பயன்பாட்டுக்கென டாட் இன்டர்னல் என்ற பெயரை 2024-இல் ஐகான் நிரந்தரமாக ஒதுக்கி வைத்தது; உள் பெயர்களை அங்கே மாற்றிக்கொள்வது எளிய வழி.

படி 7: குடிமாற்றம்

பெரும்பாலான நிறுவனங்கள் சோர்ந்துபோவது இங்கேதான். முதலில் ஓர் ஏமாற்றம்: ‘நிறுவனம்’ என்ற வெறும் நீட்சியையே முகவரியாக வைக்க ஐகான் அனுமதிப்பதில்லை. புள்ளிக்கு முன்னால் ஒரு சொல் கட்டாயம். ஹோம், குளோபல், அபவுட் என்று ஆளுக்கொன்று எடுத்தது அதனால்தான். அந்த ஒரு சொல்லுக்காக விளம்பரப் பிரிவில் நடக்கும் விவாதத்துக்குப் போதிய நாள்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தொழில்நுட்பக் குழுவே பல வேளைகளில் எதிர்பாராத ஒன்று. இதுவரை ‘கடை.நிறுவனம்.காம்’, ‘கணக்கு.நிறுவனம்.காம்’ என்ற இரண்டு தளங்களும் ஒரே டொமைனின் கிளைகள். ஒன்றில் உள்நுழைந்தவருக்கு மற்றொன்றும் திறந்துகொள்ளும்படி பொதுவான குக்கீயை (உலாவி சேமித்து வைக்கும் சிறு அடையாளத் தரவை) ‘நிறுவனம்.காம்’ பெயரில் வைக்க முடிந்தது. புதிய அமைப்பில் ‘கடை.நிறுவனம்’, ‘கணக்கு.நிறுவனம்’ இரண்டும் உலாவியின் பார்வையில் தொடர்பே இல்லாத தனித்தனி தளங்கள். ஒரு நீட்சி முழுமைக்கும் குக்கீ வைக்க எந்த உலாவியும் விடாது. டாட் காம் முழுமைக்கும் ஒருவர் குக்கீ வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் விளங்கும். ஆகவே ஒருமுறை உள்நுழைந்தால் எல்லாச் சேவைகளும் திறக்கும் ஒற்றை உள்நுழைவை, ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடும் முறையில் புதிதாகக் கட்ட வேண்டும், அல்லது ‘கடை.எனது.நிறுவனம்’, ‘கணக்கு.எனது.நிறுவனம்’ என்று ஒரே பெயரின் கீழ் சேவைகளை அடுக்க வேண்டும். இரண்டாவது வழி அழகில் குறைந்தது. ஆயினும் உள்நுழைவு தேவைப்படும் சேவைகளுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

கடவுச்சொல்லுக்கு மாற்றாகப் பரவிவரும் பாஸ்கீயும் பதிந்த டொமைனோடு பிணைக்கப்பட்டது. பழைய முகவரியில் உருவாக்கியது புதியதில் தானாக ஓடாது. கடவுச்சொல் மேலாளர்களும் புதிய முகவரியை அந்நியமாகவே பார்க்கும். அதுதான் அவற்றின் வேலை. வாடிக்கையாளர் பழைய தளத்தில் உள்நுழைந்து, அங்கிருந்தே புதியதில் பதிந்துகொள்ளும் இடைக்காலப் பாதை ஒன்று இருக்க வேண்டும்.

மின்னஞ்சலை இறுதியாக மாற்றுங்கள். இணையப் படிவங்களில் பழைய சரிபார்ப்பு நிரல்கள், கடைசிப் புள்ளிக்குப் பின் இரண்டு முதல் நான்கு எழுத்துகள் வரைதான் இருக்க முடியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. உங்கள் விற்பனை அலுவலர் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் தன் புதிய முகவரியை இடுவார். ‘செல்லாத மின்னஞ்சல்’ என்று சிவப்பில் வரும். பக்கத்திலிருப்பவரின் டாட் காம் முகவரியைக் கடன் வாங்கி வேலையை முடிப்பார். பிற எழுத்துகளில் அமைந்த நீட்சிக்கு இத்தொல்லை இன்னும் அதிகம். பிழை மற்றவருடையது என்றாலும் இழப்பு உங்களுடையது. எனவே பழைய முகவரியும் அதே பெட்டிக்கு வந்து சேரும்படி நெடுங்காலம் வைத்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கட்டளைகளும் திட்டத்தைத் திருப்பக்கூடும். பாரத ஸ்டேட் வங்கி டாட் எஸ்பிஐ என்ற சொந்த நீட்சியில் சேவைகளை நடத்தி வந்தது. 2025-இல் இந்திய ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று பணித்தது. சொந்த நீட்சி வைத்திருந்த வங்கியும் மாற வேண்டியதாயிற்று. ஒழுங்குமுறை அமைப்பின் கீழுள்ள தொழிலில் இருப்பவர்கள் விண்ணப்பிக்குமுன் அந்த அமைப்பின் போக்கை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

படி 8: வெளியேறும் வழியையும் இப்போதே வகுத்தல்

மெக்டொனால்ட்ஸ், மோன்ட்பிளாங்க் ஆகியவை 2017-இல் தங்கள் நீட்சிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. அவற்றுக்குப் பின்னும் பலர் அவ்வாறே செய்தனர். திருப்பிக் கொடுப்பது கடினமன்று: 180 நாள் முன்னறிவிப்புப் போதும். நிறுவனப் பெயர் நீட்சியை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் இசைவின்றி ஐகான் வேறொருவருக்குத் தராது. நிறுவனம் இணைப்பால் பெயர் மாறினாலும், சின்னம் கைமாறினாலும் இந்த நிலை வரலாம். நீட்சியின் எழுத்துகளை மாற்றும் வசதி எதுவும் கிடையாது.

சிக்கல் அதுவரை உலகில் சிதறிப்போன முகவரிகளில் இருக்கிறது. பெட்டிகளில் அச்சான க்யூஆர் குறிகள், கருவிகளின் மென்பொருளுக்குள் எழுதப்பட்ட புதுப்பிப்பு முகவரிகள், ஒப்பந்தங்களில் குறித்த மின்னஞ்சல்கள் ஆகியவை நீட்சியோடு சேர்ந்து இறந்துவிடும். நீட்சி ரூட்டிலிருந்து நீங்கிய பின் அவற்றைத் திருப்பிவிட எந்த வழியும் இல்லை. எனவே முதல் முகவரியைப் பதியும் நாளிலேயே, அது எங்கெல்லாம் அச்சாகிறது என்ற பதிவேட்டையும் தொடங்குங்கள். அதன் முதல் வரியில் பழைய டாட் காம் முகவரியின் புதுப்பிப்புத் தேதியையும், அதற்குப் பொறுப்பானவரின் பெயரையும் எழுதி வையுங்கள். நீட்சி எவ்வளவு வெற்றி பெற்றாலும் அந்த முகவரியைக் கைவிட முடியாது. கைவிட்ட மறுநாளே அதை வாங்கக் காத்திருப்பவர்கள், உங்கள் பழைய வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களையும் சேர்த்தே பெற்றுக்கொள்வார்கள்.